பெங்களூரில் புதிதாக பிசியோதெரபி கிளினிக் தொடங்குகிறீர்களா? விளம்பரத்தில் எதுவரை போகலாம்

வலிக்கு ஒரு குணம் உண்டு. ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே கொஞ்சம் இறங்கும். ஜனங்கள் கிளினிக் வாசலை மிதிப்பது பெரும்பாலும் அது உச்சியில் இருக்கும் நாளில்தான். புதிதாக வந்த இடுப்பு வலியில் பெரும்பங்கு நாலு முதல் ஆறு வாரத்தில் நன்றாகவே குறைந்துவிடும். அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தாலும், லைட் காட்டினாலும், மெஷின் வைத்தாலும், சும்மா நீவிவிட்டாலும், பெயர் உங்களுக்குத்தான் கிடைக்கும்.

பிசியோதெரபி விளம்பரத்தில் பொய் சொல்வது சுலபமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சொன்னவருக்கே தான் சொல்வது பொய் என்று தெரியாமல் போவதும் இதனால்தான். அதனால் விளம்பரத்துக்கு ஒரு வரம்பை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட நீங்கள் தயாராக இல்லாத எந்த வாக்கியமும் நோட்டீஸிலோ, இன்ஸ்டாகிராமிலோ, ரிசப்ஷனில் இருப்பவர் வாயிலோ வரக்கூடாது. 'முட்டி தேய்மானம் 15 நாளில் குணம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவீர்களா? மாட்டீர்கள் என்றால் சுவரிலும் அது வேண்டாம். கீழே வருகிற ஒவ்வொரு படியும் இந்த ஒரே கேள்வியை வெவ்வேறு இடத்தில் கேட்பதுதான்.

முதலில் போர்டு

கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கேபிஎம்இ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பிசியோதெரபி சென்டரும் அதற்குள் வரும். இரண்டு பெஞ்சும், வலிக்கு மின்சாரம் பாய்ச்சும் ஒரு ஐஎஃப்டி மெஷினும் மட்டுமே உள்ள சின்ன இடம்தானே என்று பதிவு செய்யாமல் தொடங்கிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மாவட்டப் பதிவு ஆணையத்திடம் பதிவு வாங்கி, அந்த எண்ணைப் போர்டிலும் பில்லிலும் போடுங்கள். கட்டணப் பட்டியலும் வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். காலாவதித் தேதியை இப்போதே போனில் போட்டுவையுங்கள்.

மொழி விஷயம். 2024-இல் திருத்தப்பட்ட கன்னட மொழி வளர்ச்சிச் சட்டப்படி பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேல்பகுதியில். அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ கிளினிக் வைத்தால் தமிழும் போடத் தோன்றும். போடுங்கள், அதற்கு மிச்ச இடம் இருக்கிறது. தமிழ் போர்டைப் பார்த்து உள்ளே வருகிற பெரியவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலையே சரக்காக்கி, 'நம்ம ஊர்க்காரர், நம்பி வாங்க' என்று எழுதுவது வேறு சங்கதி. ஊர்ப்பாசம் சிகிச்சையின் தரத்துக்குச் சான்று ஆகாது. 'தமிழில் பேசலாம்' என்று போட்டால் போதும், அது உண்மையான தகவல்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் போடக்கூடாது என்று கடிதம் அனுப்பியது, அடுத்த நாளே அதைத் திரும்பப் பெற்றது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நோயாளி குழம்பக்கூடாது என்பதுதான் நமக்கு முக்கியம். எனவே பெயருக்குக் கீழே, பெயரின் அளவுக்கே பெரிய எழுத்தில், 'பிசியோதெரபிஸ்ட்' என்றும் படித்த பட்டத்தையும் போடுங்கள். இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பிசியோதெரபிஸ்டின் குறைந்தபட்சத் தகுதியாக இளநிலைப் பட்டத்தைச் சொல்கிறது. தனியாகத் தொழில் செய்யும் உரிமையையும் தருகிறது. அது போதுமான கௌரவம். எலும்பு டாக்டர் என்று யாராவது நினைத்துக்கொண்டு வந்தால், முதல் நிமிடத்திலேயே திருத்திச் சொல்லுங்கள்.

'ஸ்பெஷலிஸ்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். சனி, ஞாயிறு இரண்டு நாள் வொர்க்‌ஷாப் போய் வாங்கிய சான்றிதழை வைத்து 'முதுகுத்தண்டு நிபுணர்' என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். முதுநிலையில் எந்தப் பிரிவு படித்தீர்களோ அதை மட்டும் போடுங்கள். குறுகிய காலப் பயிற்சி என்றால் எத்தனை நாள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெருவில் ஃப்ளெக்ஸ், மின்கம்பத்தில் அட்டை இதெல்லாம் வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1981-இலிருந்தே மாநிலத்தில் சட்டம் இருக்கிறது.

நோட்டீஸில் என்ன எழுதுவது

கூடுதல் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பெங்களூர் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும் நோட்டீஸ்களின் பாணியில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

'மூட்டுவலியா? முதுகுவலியா? ஆபரேஷன் தேவையே இல்லை! அதிநவீன லேசர் மூலம் டிஸ்க் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு. 100% ரிசல்ட். இன்று மட்டும் முதல் ஆலோசனை இலவசம்.'

நாலே வரி, பல கோளாறு. வரிவரியாகப் பார்ப்போம்.

'ஆபரேஷன் தேவையே இல்லை' என்பது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. டிஸ்க் பிதுங்கிக் காலில் வலி இறங்குகிறவர்களில் பலருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்பது உண்மை. பிதுக்கம் மாதக்கணக்கில் தானாகவே சுருங்குவதும் சகஜம். ஆனால் சிறுநீர் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது என்று வந்தால் அது அவசரம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் நோட்டீஸை நம்பி இரண்டு நாள் தள்ளிப்போட்டவரின் நரம்பு திரும்ப வராமல் போகலாம். எனவே இடுப்பு வலி பற்றி எந்த விளம்பரம் போட்டாலும் இந்த அறிகுறிகளை இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் வலி, விழுந்தபின் வரும் கடும் வலி இவற்றையும் சேர்க்கலாம். எங்களிடம் வராதீர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று விளம்பரத்திலேயே சொல்கிற கிளினிக்கை ஜனங்கள் மறப்பதில்லை.

'நிரந்தரத் தீர்வு', '100% ரிசல்ட்' இரண்டும் கேஸ் ஷீட்டில் ஏறாத சொற்கள். இடுப்பு வலி திரும்பத் திரும்ப வரக்கூடியது. முட்டித் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி வலியைக் குறைக்கும், நடையைச் சீராக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. தோள் இறுக்கம் நீங்க ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். யாருக்கு எவ்வளவு என்று பார்க்காமல் சொல்ல முடியாது. இவ்வளவையும் தெரிந்துவைத்துக்கொண்டே 'நிரந்தரம்' என்று அச்சடிப்பது தவறு.

சட்டமும் இங்கே குறுக்கே வரும். மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரங்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பக்கவாதம், வாதநோய், உடல்பருமன் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. உடலின் செயல்பாட்டை மாற்றுவதாகச் சொல்லும் பொருட்களும் அதன் பிடிக்குள் வரும். தைலமோ பெல்டோ சேர்த்து விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது போக, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த அதன் வழிகாட்டு நெறிகள் 'இலவசம்' என்று எப்போது சொல்லலாம், தூண்டில் விளம்பரம் எது என்றெல்லாம் விவரமாகச் சொல்கின்றன.

'மூட்டுவலியா?' என்ற கேள்வியைப் பொதுவாகக் கேட்பதில் பெரிய தப்பில்லை. ஆனால் 'உங்களுக்கு மூட்டுவலி இருக்கிறதே' என்று படிப்பவரின் உடல்நிலையைச் சுட்டுகிற விளம்பரத்தை ஃபேஸ்புக்கின் விளம்பர விதிகள் ஏற்பதில்லை. போட்டால் நிராகரிக்கப்படும், திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கே முடங்கும்.

'இன்று மட்டும்' என்பது நாளைக்கும் இருக்கப்போகிறது என்றால் அது பொய் அவசரம். 2023 நவம்பரில் வந்த இணைய ஏமாற்று உத்திகள் பற்றிய நெறிகளில் இதற்குத் தனியாகவே இடம் உண்டு.

அதே நோட்டீஸை இப்படி எழுதலாம்: 'முதுகுவலி, முட்டிவலி, ஆபரேஷனுக்குப் பின் பயிற்சி. முதல் சந்திப்பு 45 நிமிடம், கட்டணம் இவ்வளவு. அடுத்தடுத்த அமர்வு இவ்வளவு. வேண்டிய பயிற்சிகளை வீட்டிலேயே செய்யக் கற்றுத்தருகிறோம். பெண் பிசியோதெரபிஸ்ட் திங்கள் முதல் வெள்ளி வரை இருக்கிறார். தமிழ், கன்னடம், ஆங்கிலம். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.' இதில் கவர்ச்சி குறைவாகத் தெரியலாம். ஆனால் படிக்கிறவருக்குத் தேவையான தகவல் அத்தனையும் இதில் இருக்கிறது. பழைய நோட்டீஸில் அப்படி ஒன்றும் இல்லை.

மெஷினைக் காட்டி ஆள் பிடிப்பது

ஷாக்வேவ் (அதிர்வலை), உயர்சக்தி லேசர், முதுகை இழுக்கும் டிகம்ப்ரஷன் டேபிள் என்று லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட்டவர்களுக்கு அந்தக் கடனை அடைக்கும் அவசரம் வந்துவிடுகிறது. வருகிறவர்கள் எல்லோருக்கும் மெஷின் தேவைப்படத் தொடங்குவது அப்போதுதான். மெஷின் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

பிரிட்டனின் சுகாதார வழிகாட்டு அமைப்பான நைஸ் 2016-இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டி, அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐஎஃப்டி ஆகிய மின்தூண்டல்கள், டிராக்‌ஷன் (முதுகெலும்பை இழுத்து நீட்டுவது) நான்கையும் இடுப்பு வலிக்குத் தர வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது. நம் ஊர் கிளினிக்குகளில் பாதி நேரம் ஓடுவது இவைதான். சில நிமிட ஆறுதலுக்காக வைப்பதை நோயாளியிடம் அப்படியே சொல்லிவிட்டு வையுங்கள். அதையே முக்கிய சிகிச்சை என்று விளம்பரத்தில் காட்டினால் ஏமாற்று. குதிகால் வலி, தோளில் சுண்ணாம்புப் படிவு போன்ற சிலவற்றுக்கு ஷாக்வேவுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அதை மட்டும் சொல்லுங்கள். ஒரே மெஷினின் படத்தைப் போட்டு 25 வியாதிகளின் பெயரை அடுக்காதீர்கள்.

கழுத்தைத் திருப்பி 'டக்' என்று சத்தம் வரவழைக்கும் வீடியோக்கள் இன்று எல்லோர் போனிலும் ஓடுகின்றன. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உருவாவதால் வருவது. விலகிய எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் அல்ல. சில நாள் வலி குறையலாம், அது வேறு. மைக்கைக் கழுத்தருகே வைத்துச் சத்தத்தைப் பெருக்கி, 'எலும்பு செட் ஆயிடுச்சு' என்று தலைப்புப் போடுவது பார்ப்பவருக்குத் தவறான உடலறிவைப் புகட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் தம்பியை விட்டுக் கழுத்தைத் திருப்பச் சொல்பவர்களும் உண்டு. கழுத்தை வேகமாகத் திருப்புவதால் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது, ஆனால் நடக்கக்கூடியது.

அபார்ட்மெண்ட் இலவச முகாம்

வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்ஹவுஸில் மேஜை போட்டு நடக்கும் முகாம்தான் புதியவர்கள் முதலில் எடுக்கும் உத்தி. முகாம் தவறல்ல. நன்றாக நடத்தினால் மக்களுக்கு நல்ல சேவை. எங்கே கோணலாகிறது என்று பார்ப்போம்.

பாதத்தை வைத்தால் வண்ணப்படம் காட்டும் தட்டு ஒன்று இருக்கும். குதிகாலிலும் முன்பாதத்திலும் சிவப்பு வரும். மேஜைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, 'பாருங்கம்மா, இங்கெல்லாம் பிரஷர் ஓவரா இருக்கு, விட்டா முட்டிக்கு ஏறும்' என்பார். நிற்கும்போது உடல் எடை குதிகாலிலும் முன்பாதத்திலும்தான் இறங்கும். அங்கே சிவப்பு வராத மனிதரைத்தான் தேட வேண்டும். அடுத்து, கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிற்கவைத்து போட்டோ எடுத்து, ஒரு தோள் இறங்கியிருக்கிறது என்று சிவப்புக் கோடு போடுவார்கள். போனை இம்மி சாய்த்துப் பிடித்தாலே தோள் இறங்கிவிடும். நேராகப் பிடித்தாலும் பெரும்பாலோருக்கு ஒரு தோள் லேசாக இறங்கியேதான் இருக்கும், அதற்கும் வலிக்கும் பெரிய தொடர்பில்லை. குதிகாலில் அல்ட்ராசவுண்ட் வைத்து 'எலும்பு அடர்த்தி குறைவு' என்று சீட்டுக் கொடுப்பது இன்னொன்று. எலும்புப்புரையை உறுதி செய்ய இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும்.

இந்த மூன்றும் செய்வது ஒன்றுதான்: வலியே இல்லாதவரை நோயாளியாக்கி வீட்டுக்கு அனுப்புகின்றன. காலைக் காப்பி குடித்துவிட்டு நடக்கக் கிளம்பிய 62 வயது அம்மா, மதியம் படியேற பயப்படத் தொடங்குவார். அந்தப் பயமே அவர் முட்டியை பலவீனமாக்கும்.

எம்ஆர்ஐயைக் காட்டிப் பயமுறுத்துவதும் இதே வகை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரையில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் புடைப்பு 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 (கீழ்முதுகு எலும்புகளின் எண்) என்று பார்த்ததும் முகம் வெளுத்து வருகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நரை வருவதைப் போல இதில் நிறைய வயதோடு வருவதுதான். அப்படிச் சொன்ன பிறகும் அவர் சிகிச்சைக்கு வருவார், பயமில்லாமல் வருவார், பயிற்சியையும் நன்றாகச் செய்வார்.

முகாமில் இவற்றைச் செய்யலாம்: நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது, ஒற்றைக்காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது, கடந்த வருடத்தில் விழுந்தாரா என்ற கேள்வி. மூன்றுக்கும் காசில்லை, மெஷின் இல்லை, விழும் அபாயம் உள்ளவர்களை ஓரளவு அடையாளம் காட்டும். கையில் மூன்று பயிற்சிகள் கொண்ட தாளைக் கொடுத்தனுப்புங்கள். போன் நம்பர் கேட்காதீர்கள். வேண்டுமானால் உங்கள் நம்பரை அந்தத் தாளில் போடுங்கள். அசோசியேஷனுக்கு மேஜை வாடகை கொடுத்தால் அதைச் செயலாளரின் தனி ஜிபேக்கு அனுப்பாமல், ரசீதோடு சங்கக் கணக்கில் கட்டுங்கள்.

பேக்கேஜ்

பத்து அமர்வு, இருபது அமர்வு என்று மொத்தமாகப் பணம் வாங்குவது பெங்களூரில் சர்வசாதாரணம். வாடகைக்கு உடனே பணம் வேண்டும் என்பதால் புதியவர்களுக்கு இதன் ஈர்ப்பு அதிகம். பேக்கேஜே கூடாது என்று சொல்ல மாட்டோம். எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் கிளாட் என்ற முட்டித் தேய்மானப் பயிற்சித் திட்டம், ஆறு வாரத்தில் 12 பயிற்சி அமர்வுகளும் சில விளக்க வகுப்புகளும் கொண்டது. முட்டிவலிக்காரருக்கு முதல் நாளே 40 அமர்வு எழுதிக்கொடுக்கும்போது அந்த 40-க்கு என்ன கணக்கு என்று உங்களையே கேளுங்கள். முதல் சந்திப்பில் விற்கக்கூடியது அதிகபட்சம் ஐந்து அல்லது ஆறு அமர்வு. பிறகு ஒரு மறுபரிசோதனை: வலி மதிப்பு, முட்டி மடங்கும் அளவு, நடக்கும் தூரம். முன்னேற்றம் இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும், அல்லது வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். இருபது அமர்வுக்கும் காசு வாங்கிவிட்ட கிளினிக்குக்கு ஆறாவது அமர்விலேயே 'இது உங்களுக்கு உதவவில்லை' என்று சொல்ல மனம் வராது. மொத்தப் பேக்கேஜின் உண்மையான கெடுதல் அதுதான்.

திருப்பித் தருவதை எழுத்தில் வையுங்கள். உதாரணத்துக்கு ஒற்றை அமர்வு 600 ரூபாய், 10 அமர்வு பேக்கேஜ் 5,000 என்று வைப்போம். நான்கு அமர்வோடு நிறுத்துகிறவருக்கு எவ்வளவு? ஒற்றைக் கட்டணத்தில் கழித்தால் 2,400 போக 2,600. பேக்கேஜ் கட்டணத்தில் கழித்தால் 2,000 போக 3,000. இரண்டில் எதை வைத்தாலும் நியாயம்தான், பணம் வாங்கும் முன்பே அந்த எண்ணைக் காட்டியிருந்தால். 'நோ ரீஃபண்ட்' என்று பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் போடுவது நியாயமில்லை. நோயாளி மருத்துவக் காரணத்தால் நிறுத்தினாலோ, உங்கள் பிசியோதெரபிஸ்ட் வேலையை விட்டுப்போனாலோ, நோயாளிக்குச் சாதகமான கணக்கையே எடுங்கள். பில் கொடுக்காமல் இருப்பது 2019 நுகர்வோர் சட்டப்படியே முறையற்ற வணிகம். ஒவ்வொரு அமர்வுக்கும் தேதியும் கையெழுத்தும் உள்ள அட்டை ஒன்று நோயாளியிடமே இருக்கட்டும்.

தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி வரும் நிலைமை ஒன்று: சிகிச்சை அம்மாவுக்கு, பணம் எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஐடி வேலை பார்க்கும் மகனிடமிருந்து. மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்குகிறவருக்கு ஆறு மாதப் பேக்கேஜ் விற்பது அநியாயம். எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டு, அதற்குள் என்ன கற்றுத்தர முடியுமோ அதை மட்டும் திட்டமிடுங்கள். மகனின் குற்ற உணர்ச்சியைத் தூண்டி, 'அம்மாவுக்குத்தானே சார், பாத்துக்குங்க' என்று விற்காதீர்கள். அம்மாவின் உடல்நிலையை மகனிடம் சொல்வதற்கு அம்மாவின் சம்மதம் வேண்டும். அதை அவரிடம் தமிழில் கேளுங்கள்.

டாக்டருக்குக் கமிஷன்

கிளினிக் திறந்த முதல் மாதத்தில் யாராவது வந்து காதில் போடுவார்கள்: இந்த எலும்பு டாக்டர் நோயாளி அனுப்புவார், ஒவ்வொருவருக்கும் இவ்வளவு சதவீதம். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷனோ பரிசோ வாங்குவதையும் கொடுப்பதையும் வெளிப்படையாகத் தடுக்கின்றன. வாங்கும் டாக்டருக்கு அது விதிமீறல். கொடுக்கும் உங்களுக்கு அதற்குமேல் ஒரு நஷ்டம்: அந்தச் சதவீதத்தை எடுக்க நீங்கள் அமர்வுகளைக் கூட்டியாக வேண்டும். 'மார்க்கெட்டிங் ஃபீஸ்', 'கன்சல்டன்சி' என்று பெயர் மாற்றினாலும், நோயாளி எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் பணம் கமிஷன்தான். டாக்டரின் கட்டிடத்தில் வாடகைக்கு இருப்பது தப்பில்லை. அந்த வாடகை சுற்றுவட்டார விலையில், மாதாமாதம் மாறாத தொகையாக இருக்க வேண்டும். அவர் அனுப்பும் ஆட்களைப் பொறுத்து அது ஏறக்கூடாது. ஜிம் பயிற்சியாளர், வீட்டு நர்ஸ் ஏஜென்சி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோருக்கும் இதே அளவுகோல்தான்.

இதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது, செலவில்லாதது, பலரும் செய்யாதது: டாக்டர் அனுப்பிய ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அந்த டாக்டருக்கே இரண்டு கடிதம். முதல் பரிசோதனைக்குப் பிறகு அரைப் பக்கம், முடித்து அனுப்பும்போது அரைப் பக்கம். முட்டி மாற்று ஆபரேஷன் என்றால் எந்த வாரம் எத்தனை டிகிரி மடங்கியது, நீட்டுவதில் எவ்வளவு குறை, படியேறுகிறாரா, காயம் எப்படி இருக்கிறது. ஆபரேஷன் செய்தவர் அறிய விரும்புவது இதைத்தான். நோயாளியின் சம்மதத்தோடு இதை ஒழுங்காக அனுப்புகிற பிசியோதெரபிஸ்டை நல்ல சர்ஜன் தேடி அனுப்புவார். மெதுவாக வரும். ஆனால் வந்தால் நிலைக்கும்.

ரிவ்யூ, போட்டோ, வாட்ஸ்அப்

ரிவ்யூ போட்டால் ஒரு அமர்வு இலவசம் என்பது கூகுள் விதிகளுக்கு விரோதம். திருப்தியானவர்களிடம் மட்டும் லிங்க் கொடுப்பதும் விரோதமே. எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள், அல்லது யாரிடமும் கேட்காதீர்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். நாளைக்கு நம் முட்டியை இவர்தானே மடக்கப்போகிறார் என்று நினைக்கிறவர் உண்மை எழுதுவது கஷ்டம். முடித்து அனுப்பிய பிறகு கேட்கலாம். ஆள் வைத்துப் பொய் ரிவ்யூ போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றை நட்சத்திர ரிவ்யூ வந்தால் கை துறுதுறுக்கும். 'நீங்கள் நாலு அமர்வுக்குத்தான் வந்தீர்கள், உங்கள் எல்5 பிரச்சினைக்கு...' என்று பதில் எழுதினால் அவர் உங்கள் நோயாளி என்பதையும் அவர் நோயையும் ஊருக்கே சொல்லிவிட்டீர்கள். 'கருத்துக்கு நன்றி, இந்த எண்ணில் அழையுங்கள், பேசுவோம்' என்பதோடு நிறுத்துங்கள்.

சிகிச்சை வீடியோவுக்குச் சம்மதம் தனித்தாளில் வாங்க வேண்டும், சேர்க்கைப் படிவத்தின் நடுவில் ஒரு வரியாக அல்ல. எந்தத் தளத்தில், எவ்வளவு காலம், முகம் தெரியுமா, பிறகு வேண்டாம் என்றால் எப்படி நீக்கச் சொல்வது, மறுத்தால் சிகிச்சையில் மாற்றம் இருக்காது. இந்த ஐந்தும் அதில் இருக்கட்டும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பக்கவாதத்தால் பேச்சு இழந்தவர், தானாக முடிவெடுக்க முடியாத முதியவர் இவர்களை வைத்து வீடியோவே எடுக்காதீர்கள், குடும்பம் சரி என்றாலும். 'முன்பு–பின்பு' போட்டோ போடுவதானால் இடைப்பட்ட வாரங்களையும், அவருக்கு நடந்த மற்ற சிகிச்சைகளையும் கூடவே எழுதுங்கள். அப்படி எழுதினால் அந்தப் படத்தின் மவுசு பாதி போய்விடும். அந்தப் பாதிதான் அதிலிருந்த பொய்.

இன்ஃப்ளூயன்சருக்கு இலவச சிகிச்சை கொடுத்து வீடியோ போட வைத்தால் அதுவும் விளம்பரம்தான், வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சந்திப்பு நேர நினைவூட்டல் அனுப்பலாம். விழாக்கால ஆஃபர் அனுப்பத் தனிச் சம்மதம் வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள்

சம்பளத்தை எப்படி வைக்கிறீர்களோ அப்படித்தான் கிளினிக் பேசும். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு விற்ற பேக்கேஜுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்துவிட்டு, 'யாரையும் வற்புறுத்தாதே' என்று சொன்னால் அவர் எதைக் கேட்பார்? புதிதாகப் படிப்பு முடித்து வந்த பிசியோதெரபிஸ்டுக்கு மாத இலக்கு வைத்தால், குணமானவரை அனுப்ப மனம் வராது. ஊக்கத்தொகை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆவணங்கள் முழுமையாக இருப்பது, மறுபரிசோதனை தவறாமல் நடந்தது போன்றவற்றுக்குக் கொடுங்கள். அமர்வு எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள். நோயாளியிடம் எத்தனை அமர்வு என்று சொல்வது பரிசோதித்தவர் மட்டுமே. ரிசப்ஷனில் பணமும் நேரமும் மட்டும் பேசட்டும்.

விளம்பர ஏஜென்சியிடம் வேலையைக் கொடுத்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி: உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த வாசகமும் வெளியாகக்கூடாது. ஏஜென்சிக்காரர் பல் கிளினிக்குக்கும் முடி கிளினிக்குக்கும் எழுதிய அதே வரிகளை உங்களுக்கும் ஒட்டுவார். 'கியாரண்டி' என்ற சொல் அவர் கைக்குப் பழகியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கூகுள் பக்கம், ஜஸ்ட்டயல், பிராக்டோ, பழைய இன்ஸ்டா பதிவுகள், அபார்ட்மெண்ட் குரூப்பில் போன நோட்டீஸ் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப்போன பிசியோதெரபிஸ்டின் படம் இன்னும் இருக்கிறதா, பழைய கட்டணம் இருக்கிறதா, விற்றுவிட்ட மெஷின் இருக்கிறதா, நீங்கள் எழுதாத 'நம்பர் 1' எங்கிருந்தாவது முளைத்திருக்கிறதா. இருந்தால் அன்றே எடுங்கள். பில்லின் கீழே உங்கள் புகார் எண்ணோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அச்சிடுங்கள். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் நீங்களே பேசுங்கள், ரிசப்ஷனை விட்டுப் பேசவைக்காதீர்கள். கேஸ் ஷீட்டையும் அமர்வு அட்டையையும் எதிரே வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் திருப்பித் தர வேண்டியது என்று தெரிந்தால் அந்த அழைப்பு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.